ஒரு சொட்டும் சிந்தாது

ரேடியோ ஊட்டிக் குளிரோடு நிறுத்திக்கொள்ளும்.
பாலாடாவுக்குச் சொல்வது வாசல் வாளி.
நாலரைக்குக் கையை விட்டேன்,
கண்ணாடி உடைந்தது.

உருளைச் செடிமேல் பனி,
உப்பைத் தூவிவிட்டுப் போனதுபோல்.
வெயிலுக்கு முன்னால்
தண்ணீர் அடித்துக் கழுவிவிட வேண்டும்.
வெயில் முந்திக்கொண்டால்
பத்து மணிக்கு இலையெல்லாம் கருகித் தொங்கும்.
குத்தகைக்காரர் பனியைக் கணக்கில் சேர்ப்பதில்லை.
ஆறே முக்கால்வரை
எதிர்மேட்டுக் கற்பூரமரங்கள் வெயிலைப் பிடித்துவைக்கும்,
அதற்குமேல் அவற்றாலும் முடியாது.

மோட்டாரில் பெட்ரோல் இல்லை.
கேனில் ஐந்து லிட்டர் இருக்கிறது.
இந்த இரண்டு வாக்கியத்துக்கும் நடுவில்
ஒரு மூக்கு.

எண்ணெய் டின்னைக் கொண்டுபோனதற்கு
பங்க்கில் ஊற்ற மாட்டேன் என்றுவிட்டார்கள்.
கம்பெனிக் கேன் வாங்குங்க மேடம்,
ஒரு சொட்டும் சிந்தாது என்றான் கடைப் பையன்.
எழுநூற்று நாற்பது.
சிவப்பு உடம்பு, மஞ்சள் மூக்கு,
மூக்குக்குப் பச்சை வளையம்,
வளையத்துக்கு ஒரு பூட்டு.

அழுத்து. திருகு.
அழுத்தியபடியே தள்ளு. தள்ளியபடியே சாய்.
பக்கத்தில் படம் போட்டிருக்கிறது.
படத்தில் மூன்று கை. எண்ணிப் பார்த்தேன்.
எனக்கு இரண்டு,
அதில் ஒன்று டார்ச் பிடித்திருக்கிறது.
டார்ச்சைப் பல்லில் கடித்தேன்.
விரல் விறைத்துப் போயிருந்தது;
வளையம் கிடுகிடுவென்று சுற்றியது,
திறக்கவில்லை.
குழந்தைகள் திறக்க முடியாதாம்.
எந்தக் குழந்தை இந்நேரத்துக்கு
மோட்டார் ஷெட்டுக்கு வரப்போகிறது?

பாதிப் பங்கு லிங்கராஜ் வந்தான்.
தள்ளு அக்கா, இதற்கு நேக்கு வேண்டும் என்றான்.
நேக்காக நாலு முறை செய்தான்.
ஐந்தாவதாக முழங்காலை வைத்து அழுத்தினான்.

காற்று உள்ளே போக ஓட்டை வைக்கவில்லை அதற்கு.
போகிற வழியே வருகிற வழியும்.
ஒரு விக்கல்,
இன்னொரு விக்கல்,
அப்புறம் மொத்தமாக
அவன் ஸ்வெட்டர், என் பூட்ஸ்,
மோட்டாரின் தலை.
கடைப் பையன் பொய் சொல்லவில்லை.
சொட்டாகச் சிந்தவே இல்லை.

துடைத்தோம். காயட்டும் என்று நின்றோம்.
பீடியை எடுத்தவன்
என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே வைத்தான்.
ஐந்து ஐம்பது.

புனல் மருந்து மெஷினோடு முத்தோரைக்குப் போயிருக்கிறது.
பாட்டில் கழுத்தை வெட்டிக் கவிழ்க்கலாம்,
பாட்டிலுக்கு இந்த மாவட்டத்தில் தடை.
பர்லியாறு செக்போஸ்ட்டிலேயே பிடுங்கிக்கொள்வார்கள்.
சரியான சட்டம்தான்.
பள்ளிக்கூட ஊர்வலத்தில் நானே கோஷம் போட்டிருக்கிறேன்.

ஓடையோரம் மண்டிக் கிடக்கும் அந்த வெள்ளைப் பூ,
ஓடை ஆவி விடுவதால் அதன்மேல் பனி ஏறவில்லை.
மாடு தின்னாது. எங்களுக்கு அது களை.
டவுனில் கல்யாண மேடைக்கும் கல்லறைக்கும்
ஒரே விலைக்கு விற்கிறார்கள்.
பெரிதாக ஒன்றைப் பறித்தேன்.
நடுவிலிருந்த மஞ்சள் குச்சியைப் பிடுங்கிப் போட்டேன்.
அடியை நகத்தால் கிள்ளினேன்.

லிங்கராஜ் கேனின் மூக்கை
அரிவாளால் அறுத்தான், இரண்டே வெட்டில்,
அவ்வளவு நேரத்தில் அவன் சிரித்தது அப்போதுதான்.

பூவை டாங்கின் வாயில் செருகிப் பிடித்துக்கொண்டேன்.
அவன் ஊற்றினான்.
வெள்ளைக்குள் வானவில்போல் ஏதோ வழுக்கிக்கொண்டு இறங்கியது.
கொஞ்சம் சிந்தியது.
கொஞ்சம்தான்.

மூன்றாவது இழுப்பில் பிடித்தது.

ஒன்பது பாத்தி தப்பித்தது.
மேட்டுப் பாத்தி மூன்றும் போய்விட்டது,
அங்கே பைப் சேருமுன்பே வெளிச்சம் ஏறிவிட்டது.
கையை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவியும்
டீயில் பெட்ரோல் வாடை.
அடுப்புப் பக்கம் வராதே என்றார் வீட்டுக்காரர்.

கேனின் அடியில் புகாருக்கு ஒரு நம்பர் இருந்தது.
அழைத்தேன்.
தமிழுக்கு இரண்டை அழுத்தவும் என்றது.
அழுத்தினேன்.
கேன்களுக்கு நான்கை அழுத்தவும் என்றது.
அழுத்தினேன்.
தொடர, நட்சத்திரக் குறியை
அழுத்தியபடியே